ஊதிவிட்டு உள்ளே வாங்க

என் கணவர் வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன் குனிவார். நான் உயரம் குறைவு. அவர் முகம் என் முகத்துக்கு நேராக வர வேண்டுமென்றால் முதுகை நன்றாக வளைக்க வேண்டும். வளைந்து, வாயைத் திறந்து, என் மூக்குக்கு நேராக ஒரு முறை ஊதுவார். நான் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். மிஷினில் ஊற்றும் கூலன்ட் வாடை, டீ, சில நாள் மசால் வடை. "சரி" என்பேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்.

ஆவடி சேக்காட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். படி வெளிப்பக்கம். கதவு படியின் உச்சியில் இருப்பதால், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் துணி எடுக்க வருகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஒரு தடவை என் தம்பி பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னவோ முத்தம் கொடுத்துக்கொள்கிறோம் என்று நினைத்திருப்பான். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாளில் நாங்கள் இரண்டு பேரும் முகத்தோடு முகம் வருவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

இது ஆரம்பித்த கதை சின்னது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் டிராஃபிக் போலீஸ் இவரை நிறுத்தி மிஷினில் ஊதச் சொன்னார்கள். ஊதினார், மாட்டினார், வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வண்டியை மீட்கப் போனபோது நானும் கூடப் போனேன். திரும்பி வரும் வழியில் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. போலீஸ்காரன் சொன்னால் வாயைத் திறக்கிறீர்கள், இனிமேல் எனக்கும் ஊதுங்கள் என்றேன். அன்றைக்கு அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான், நான் கேட்காமலே ஒரு சாயந்திரம் வாசலில் குனிந்தார்.

குடித்த வருஷங்களைப் பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. இவர் அடிக்கிற ஆள் இல்லை. குடித்துவிட்டு உட்காருவார், அழுவார், உட்கார்ந்த இடத்திலேயே சரிவார். கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்ததும் அங்கேயே குடியை நிறுத்தும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தத் தடவை திரும்பி வந்துட்டார். மறுபடி ஆரம்பிச்சார்னா அந்த ஈரல் தாங்காதும்மா. அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

நான் அவர் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டேன். இது எனக்கு ஒரு வியாதி. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கொட்டாவி வரும். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து இப்படித்தான். என் அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறையில் கொட்டாவி விட்டேன், சொந்தக்காரர்கள் அதை இன்னும் பேசுகிறார்கள். டாக்டரம்மா நான் தூங்கவில்லை என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தூக்கம் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஒன்றும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது குடித்தால் உடம்பு தூக்கிப்போடும், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். கொஞ்சம் பட்டால்கூட ஆபத்து என்று சொல்லி, இருமல் மருந்து, ஷேவ் செய்தபின் தடவுகிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற மருந்து எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார்கள். அந்த நாட்களில்தான் எதை வாங்கினாலும் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு வந்தது. ஈரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். படிக்கிற பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். எங்கள் பங்குக் கோயிலில் குடியை விடுகிறவர்கள் அப்படிச் செய்வது உண்டு. எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். அவர் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார், அதை நான் மறைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் மிஷின் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்து கூட்டாளிகள் கடைக்குத் திரும்பும் மூலையில் இவர் மட்டும் நேராக வருவார். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி நேராக வந்தார்.

கஷ்டம் விசேஷங்களில்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஞானஸ்நானம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு, எதுவாக இருந்தாலும் கீழே பிரியாணி, மேலே மொட்டை மாடி. சாமியார் வந்து ஜெபம் செய்து, தீர்த்தம் தெளித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். அவர் வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஆண்கள் எல்லாரும் பரிசுத்தமாக நிற்பார்கள். திரும்பியதும் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கப் போகிறவர்கள் மாதிரி ஒவ்வொருவராக மாடி ஏறுவார்கள். யார் வீட்டில் எப்போது கல்யாணம், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், யாரோடு யார் பேசுவதில்லை, எல்லாம் அங்கேதான் முடிவாகும்.

இவர் குடியை விட்டதிலிருந்து கீழே பெண்களோடு உட்கார்ந்தார். கையில் ஒரு ரோஸ்மில்க் டம்ளர். குழந்தைகள் அவர் மடியில் ஏறி விளையாடும். "பாரு, எவ்வளவு சமத்தா உக்காந்திருக்காரு" என்று என் சித்தி ஒரு தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நல்லதாகத்தான் சொன்னாள். இவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், முகத்தைத் திருப்பாமல், "மேல கூப்டக்கூட மாட்றானுங்க" என்றார். கூப்பிட்டிருந்தால் நான்தான் சண்டைக்குப் போயிருப்பேன்.

என் தம்பி பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி, வீடு மந்திரிப்பு வைத்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என்னைவிட ரொம்பச் சின்னவன். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது என் கணவர்தான், அதனால் மாமா என்றால் உயிர். சாமியார் கிளம்பியதும் அவன் புது ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு டின் பீரை எடுத்து இவர் கையில் வைத்தான். நான் எழுந்து பக்கத்தில் போனேன். அவன் சிரித்துக்கொண்டே, அக்கா பயப்படாதே, இது ஜீரோ, சூப்பர்மார்க்கெட்டில் ஜூஸ் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள், சின்னப் பசங்ககூட வாங்கலாம் என்றான்.

டின்னை வாங்கித் திருப்பினேன். முன்னால் பெரிதாக ஆல்கஹால் இல்லாதது என்று இருந்தது. பின்னால், அடியில், பொடி எழுத்தில், அரை சதவீதத்துக்கும் குறைவு என்று இருந்தது. குறைவு என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம், முன்னால் இல்லை என்றும் பின்னால் கொஞ்சம் என்றும் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி ஃபோனை எடுத்து எதையோ தேடி என் முகத்துக்கு முன்னால் நீட்டினான். "இட்லி மாவு புளிக்கும்போதுகூட இந்த மாதிரி துளி வரும்க்கா. கனிஞ்ச வாழைப்பழத்துல இருக்கு, பிரெட்டுல இருக்கு. நீ வாரா வாரம் மாவு ஆட்டி மாமாவுக்கு ஊத்தித்தான குடுக்கற?"

சிரித்தார்கள். டின்னை இவரிடமே திருப்பிக் கொடுத்தேன். இட்லிக்குப் பயந்தவள் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. இவர் டின்னைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "குடிக்கட்டுமா?" என்றார். அத்தனை பேருக்கு முன்னால் பெண்டாட்டியிடம் கேட்கிறார். உங்கள் இஷ்டம் என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம், அது அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

தகட்டை இழுத்ததும் அந்தச் சத்தம் வந்தது. நுரை மேலே ஏறியது. அவர் முதல் வாய் குடித்தபோது நான் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம் அது, ரொம்ப நாளாகப் பார்க்காதது. பிறகு டின்னோடு லிஃப்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட நான் மேலே போனபோது படிக்கட்டிலேயே அவர் சிரிப்பது கேட்டது. தொண்டையிலிருந்து வரும் பெரிய சிரிப்பு. அதை மறந்தே போயிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

வீட்டு வாசலில் வழக்கம் போலக் குனிந்து ஊதினார். பீர். அதே புளிப்பு, அதே கசப்பு. எனக்கு அது ஒன்றும் இல்லாதது என்று தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் என் கை தானாக அதை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டது. பழைய நாட்களில் அங்கேதான் ஒளித்து வைப்பேன். அவர் நேராக நடந்து போய் முகம் கழுவிவிட்டு டி.வி. போட்டார். நான் அசடு மாதிரி அரிசிக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் விசேஷத்துக்கு, அப்புறம் சனிக்கிழமை, அப்புறம் தினமும். பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வாங்குவார். கூட்டாளிகள் நிற்கிற இடத்தில் அவர்களோடு நின்று இதைக் குடித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வரும்போது முகம் தெளிவாக இருக்கும், பட்டறைக் கதை எல்லாம் சொல்வார். அந்த நாட்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஊதினால் பீர் வாடை. ஜீரோவா, நிஜமா என்று டின்னில் எழுதியிருக்கும், மூச்சில் எழுதியிருக்காது. இரண்டு வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆயுதம் இந்த மூக்கு. அது உபயோகமில்லாமல் போய்விட்டது என்று ஒரு நாள் அவரிடமே சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, மிக்சி ரிப்பேர் என்று சொல்வது மாதிரிதான் சொன்னேன். அவர், "இன்னா இப்போ? குட்ச டின்ன தினமும் காட்றேன். போதுமா?" என்றார்.

அப்படித்தான் ஊதுவதோடு டின்னைக் காட்டுவதும் சேர்ந்துகொண்டது. வாசலில் குனிந்து ஊதுவார். பையைத் திறந்து காலி டின்னை எடுத்து, முன்பக்கத்து எழுத்து எனக்குத் தெரிகிற மாதிரி பிடிப்பார். பஸ் பாஸைக் காட்டுவது போல இருக்கும். நான் சரி என்பேன். டின் திரும்பப் பைக்குள் போகும்.

வீட்டுக் குப்பையில் அதைப் போட முடியாது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா கோயில் மாதர் சங்கத்தில் பெரிய ஆள். காலையில் குப்பை வண்டி வரும்போது வாசலிலேயே நிற்பார். எங்கள் கூடையில் பீர் டின் மாதிரி ஒன்று கிடந்தால், பின்னால் இருக்கும் பொடி எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? மாதா முன்னால் சத்தியம் செய்தவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் மறுநாள் பட்டறைப் பக்கம் போட்டுவிடுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டு போவார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

அந்தச் சமயத்தில் செக்கப்புக்குப் போனோம். டாக்டரம்மாவிடம் இந்த ஜீரோ பீரைப் பற்றி நானே எடுத்துச் சொன்னேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கை விரல்களில் இருந்த கூலன்ட் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தம்பி சொன்ன இட்லி மாவையும் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது சரிதான், அந்த அளவுக்கு யாருக்கும் போதை ஏறாது, சாதாரண ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை, மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் துளிகூடத் தொடக்கூடாது, இவர் இப்போது போடுவதில்லை என்றார். பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்கு அந்தத் துளி பிரச்சனை இல்லங்க. அந்த டின், அந்தச் சில்லிப்பு, வாடை, கூட நிக்கற ஆளுங்க, அதுதான் பிரச்சனை. இட்லி சாப்பிட்டா யாருக்கும் கடை ஞாபகம் வராது. இது வர வைக்கும். வேணாம், விட்டுடுங்க."

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது இவர், போதை ஏறாதுன்னு டாக்டரே சொல்ட்டாங்க என்றார். அவர் முதல் பாதியைக் கேட்டார். நான் இரண்டாவது பாதியைக் கேட்டேன். ஒரே அறையில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். சண்டை போட்டிருக்கலாம். கொட்டாவி வந்தது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக்குள் எறும்பு வந்தது. சேக்காட்டில் மழை பிடித்தால் எறும்புக்கு நம் வீடுதான். ஒரு நாள் அவருக்கு மத்தியான ஷிப்ட், காலையில் தூங்கிக்கொண்டிருந்தார். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து ஒரு வரிசை சுவரோரமாக ஹாலுக்குள் போவதைப் பார்த்தேன். சர்க்கரை எங்கே கொட்டியிருக்கிறது என்று அதன் பின்னாலேயே போனேன். வரிசை நாற்காலிக் காலில் ஏறி, மாட்டியிருந்த அவருடைய பைக்குள் போயிற்று.

டிபன் பாக்ஸில் மிச்சம் ஏதாவது இருக்கும் என்று பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸ் காலி. எறும்பு டின்னுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டி, பிசுபிசுப்புக்கூடப் போய், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வாய்ப்பக்கம் விரல் வைத்தால் தூசி. முந்தின நாள் சாயந்திரம் குடித்ததாகச் சொன்ன டின் அது. முந்தின நாள் சாயந்திரம் என் முகத்துக்கு முன்னால் பிடித்த டின்.

அதில் இழுக்கிற தகடு இல்லை, உடைந்து போயிருந்தது. தகடு உடைந்த டின்னை நான் முந்தாநாளும் பார்த்திருந்தேன். அதற்கு முந்தின நாளும். அப்போதெல்லாம், இந்த மனுஷன் எல்லாத் தகட்டையும் இப்படி முரட்டுத்தனமாக உடைக்கிறாரே என்றுதான் நினைத்தேன். ஒரே டின் என்று தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

டின்னைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்றேன். இந்த டின்னில் குடித்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் நேற்று ஊதினபோது புதிதாக வாடை வந்தது. அப்படியானால் அந்த வாடை வேறு எதிலிருந்தோ வந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உள்ளே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போய் எழுப்பி, இந்த டின்னை மூஞ்சியில் எறிய வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கால் நகரவில்லை. கோபம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. பயம் வருகிறதா என்று பார்த்தேன். டாக்டரம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது, பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அது நம் கன்னம்தான் என்று கைக்குத்தான் தெரியும், அப்படி இருந்தது.

எறும்பு கையில் ஏறியது. சமையல்கட்டுக்குப் போய் டின்னைக் குழாயில் பிடித்தேன். உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். பாத்திரம் விளக்குகிற எலுமிச்சை சோப்பைக் கொஞ்சம் கரைத்து விட்டு, வெளியேயும் தேய்த்துக் கழுவி, டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தேன். காய்ந்ததும் துணியால் துடைத்து, பையில் எப்போதும் இருக்கிற அதே இடத்தில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எறும்பு என்றுதான் சொல்வேன். பிறகு குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருக்கிறேன். அன்றைக்கு முழுக்க மாற்றுச் சான்றிதழ் டைப் அடித்தேன், ஒரு பிழைகூட இல்லை. மத்தியானம், கூட வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்த பருப்பு உருண்டைக் குழம்பு நன்றாக இருந்தது, கேட்டு வாங்கி இரண்டாவது தடவை சாப்பிட்டேன்.

பட்டறையில் கரண்ட் போய்விட்டதாம், அன்றைக்கு ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டார்கள். நான் வந்து விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அவரும் வந்துவிட்டார். வண்டிச் சத்தம், படியில் காலடி, எல்லாம் எப்போதும் போல. கதவைத் திறந்தேன். குனிந்தார். ஊதினார். பீர்.

பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே டின்னை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வாசல் விளக்கில் அது பளபளவென்று இருந்தது. எலுமிச்சை வாசனை வந்தது. எனக்கு வந்தது, அவருக்கும் வந்தது. டின்னைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கையைக் கீழே இறக்கினார்.

"கழுவுனியா?"

"எறும்பு வந்துது."

பக்கத்து மாடியில் யாரோ கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் படியின் மேல் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை. டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல நெஜமாவே அத்தான் குட்சேன். சத்தியமா. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துது. அப்பால பத்தல. எல்லாம் கீது, அது மட்டும் இல்ல. வாயி கேக்குது. ஒரு நாளு நெஜத்த வாங்கிட்டேன். வாட ஒண்ணுதான, ஊட்ல தெரியாதுன்னு…"

எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தேன். வாசல் விளக்கே மஞ்சள் விளக்கு, அதில் ஒன்றும் தெரியவில்லை. தம்பியின் மேல் கோபப்படலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவன் பாவம், மாமா தனியாக உட்காரக் கூடாது என்று செய்தான். அந்தத் துளியின் மேலும் கோபப்பட முடியவில்லை. அது இட்லியில் இருக்கிற துளிதான்.

"நாளைக்கு டாக்டராண்ட போலாம். நீ வர்றியா?" என்றார்.

"வரேன்."

"இன்னா சொல்வாங்க?"

என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இவரிடம் அதை நான் ஒருபோதும் சொன்னதில்லை. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அது. பார்த்தால்தான் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, டின்னை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அதைக் கொண்டுபோய் எங்கள் குப்பைக் கூடையில் போட்டேன். காலையில் வீட்டுக்காரம்மா பார்க்கட்டும்.

திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. செருப்போடு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தார். உள்ளே நுழைவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஏதோ ஒன்று பாக்கி இருக்கிற மாதிரி தயங்கினார். பிறகு பழக்கத்தில் முதுகை வளைத்து, வாயைத் திறந்து, மறுபடி ஊதக் குனிந்தார்.

நான் கையை எடுத்து அவர் வாயின் மேல் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், கைதான் போயிற்று. மீசை குத்தியது. அவர் அசையவில்லை. மூச்சு என் உள்ளங்கையில் சூடாக வந்து பட்டது, நின்றது, மறுபடி வந்தது. இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தோன்றியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.